பழைய 12 வோல்ட் புல்லட்டில் லித்தியம் பேட்டரி: சார்ஜிங் அமைப்பை மாற்றும் முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் மலையேறும் பழைய புல்லட்டுகளில் ஆசிட் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. அதே நேரத்தில் இக்னிஷனும் ஹாரனும் இண்டிகேட்டரும் இழுப்பது அதிகம். பாதி சார்ஜிலேயே கிடக்கும் ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கேடு கிடையாது. பாதி சார்ஜில் மாதக்கணக்கில் ஓடினாலும் தாங்கும். அதனால் இந்த மாற்றம் மலை வண்டிக்கு உண்மையிலேயே பயனுள்ளது.

ஆனால் பேட்டரியை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை முடியாது. ஆசிட் பேட்டரி 15 வோல்ட் ஏறினாலும் கொதித்துத் தண்ணீரை இழந்து சமாளிக்கும். லித்தியத்துக்கு 14.6 வோல்ட்தான் எல்லை. எனவே வேலையின் வரிசை இதுதான்: அளவெடுப்பது, ஸ்டேட்டரை (ஆல்டர்னேட்டரின் சுற்றாத கம்பிச்சுருள், அதாவது வைண்டிங் உள்ள பகுதி) சரிபார்ப்பது, ரெகுலேட்டர் (வோல்டேஜை எல்லைக்குள் நிறுத்துவது), வயரிங், ஆசிட் பேட்டரியிலேயே சோதனை, கடைசியில் லித்தியம். வரிசையை மாற்றினால் முதலில் சாவது எல்லாவற்றிலும் விலை அதிகமான பேட்டரிதான்.

1. எந்த வண்டிக்கு இது பொருந்தும்

இங்கே சொல்வது கிக் ஸ்டார்ட், 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் கான்டாக்ட்) உள்ள காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு. செல்ஃப் ஸ்டார்ட் வண்டியில் மோட்டார் ஒரே இழுப்பில் வாங்கும் கரண்ட் மிக அதிகம். அதற்கு வேறு அளவு பேட்டரியும் வேறு பிஎம்எஸ்ஸும் (பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் சர்க்யூட்) வேண்டும். 6 வோல்ட் வண்டியில் ஸ்டேட்டர், இக்னிஷன் காயில், பல்புகள், ஹாரன் எல்லாவற்றையும் முதலில் 12 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள்: பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது? பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்று கிடைக்கும் ரெகுலேட்டர்கள் அநேகமாக எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்கானவை. தலைகீழாகக் கொடுத்தால் ரெகுலேட்டரும் பிஎம்எஸ்ஸும் ஒரு நொடியில் போய்விடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் 35/35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று (சோதனை லோடாக), ஃபீலர் கேஜ், ராட்செட் கிரிம்பிங் பிளையர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். வயரில் 2.5 சதுர மி.மீ. பல இழை ஆட்டோ வயர் சிவப்பு, கறுப்பு இரண்டும் தலா 2 மீட்டர், 1.5 சதுர மி.மீ. 3 மீட்டர். பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 15 ஆம்பியர் ஃபியூஸ் நான்கு. ஒரு ரிலே (6ஆம் படியின் ஹெட்லைட், 7ஆம் படியின் சென்ஸ் வயர் இரண்டும் செய்தால் இரண்டு). டூமில் (ஹெட்லைட் கூடு) பொருத்த ஒரு சின்ன வோல்ட்மீட்டர். 10,000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கபாசிட்டர் ஒன்று. ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் கேப்.

பிளக் கேப் எதற்கு என்று தோன்றும். பாயிண்ட் இக்னிஷன் கிளப்பும் மின் இரைச்சலில் விலை குறைந்த மீட்டர்கள் 13 வோல்ட்டை 17 என்று காட்டும். அதை நம்பி நல்ல ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. ரெசிஸ்டர் கேப் போட்டு, மீட்டரின் வயரை ஹைடென்ஷன் வயரிலிருந்து தள்ளிப் பிடித்தால் அளவு நிலைத்து நிற்கும்.

நல்ல நிலையில் உள்ள ஆசிட் பேட்டரி ஒன்றும் வேண்டும், இரவல் வாங்கியாவது. 8ஆம் படி அது இல்லாமல் நடக்காது.

3. பிரிக்கும் முன் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்து நான்கு அளவு எடுங்கள்: எஞ்சின் அணைத்த நிலை, ஐடில், டாப் கியரில் 50 கி.மீ. போகும்போது கேட்கும் ஒலி அளவுக்கு ஆக்சிலேட்டர் கொடுத்த நிலை, அதையும் தாண்டிய வேகம். ஒவ்வொன்றையும் லைட் அணைத்தும் போட்டும் எடுக்க வேண்டும். இந்த வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. காதுதான் அளவுகோல், எனவே ஒரே ஆள் எல்லா முறையும் ஆக்சிலேட்டரைப் பிடிப்பது நல்லது.

மாற்றிய பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள் மட்டுமே இருக்கும். வேகம் கூடும்போது 14.8, 15 என்று ஏறினால் பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. ஐடிலுக்கும் வேகத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் 12.2இல் நின்றால் கோளாறு ஸ்டேட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி "சார்ஜ் ஏறுதா" என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பேட்டரி இல்லாத நிமிடத்தில் வோல்டேஜ் துள்ளிப் பல்புகளும் ரெகுலேட்டரும் போகும்.

4. பேட்டரி: எது வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்எஃப்பி. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் வரிசையாக 12.8 வோல்ட். முழுச் சார்ஜில் ஒரு செல்லுக்கு 3.65, மொத்தம் 14.6. பழைய 12 வோல்ட் சார்ஜிங்குக்கு நன்றாக ஒத்துப்போகும் லித்தியம் வகை இதுதான்.

சந்தையில் "12 வோல்ட் லித்தியம்" என்று மலிவாக விற்பதில் பல, மூன்று லித்தியம் அயான் செல்லை வரிசையாகக் கட்டியவை. அவற்றின் முழுச் சார்ஜ் 12.6 வோல்ட். அதன்மேல் 14.4 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.8 வோல்ட் போகும். பிஎம்எஸ் தவறினால் தீப்பிடிக்கும். சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்குக்கு அருகே வைக்கும் பொருள் இது. லேபிளில் 11.1 அல்லது 12.6 வோல்ட் என்று இருந்தால் வாங்காதீர்கள். 12.8 என்று இருக்க வேண்டும்.

கொள்ளளவு 6 ஆம்பியர்-மணி போதும். 32650 அளவு உருளை செல் நான்கு போட்டால் இந்தக் கணக்கு வந்துவிடும்; பேக் முழுவதும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் செல்லாகவும் கட்டிய பேக்காகவும் கிடைக்கும். புதிதாகச் செய்பவர்கள் கட்டிய பேக்கையே வாங்குங்கள். புல்லட்டின் அதிர்வில் சால்டர் வைத்துக் கட்டிய பேக் தாங்காது. நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்து, செல்கள் தாங்கியில் இறுக்கமாக நிற்க வேண்டும்.

பிஎம்எஸ் குறைந்தது 20 ஆம்பியர், செல்களைச் சமமாக வைக்கும் பேலன்ஸ் வசதியோடு, எல்எஃப்பிக்கானது என்று தெளிவாக எழுதியதாக இருக்கட்டும். அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஏதாவது ஒரு செல் சுமார் 3.7 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் வழியை மூடும். ஒரு செல் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எடுக்கும் வழியை மூடும். முதலாவது நடந்தால் ஓடும் எஞ்சினுக்குப் பேட்டரி இல்லாதது போல ஆகி வோல்டேஜ் துள்ளும். இரண்டாவது நடந்தால் பாயிண்ட் புல்லட்டுக்கு ஸ்பார்க்கே கிடையாது. குமுளிக்குப் போகும் லோயர் கேம்ப் ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி நிற்கும். பிஎம்எஸ் கடைசிக் காவல். அன்றாடக் கட்டுப்பாடு ரெகுலேட்டரின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பிஎம்எஸ் இருக்கே, ரெகுலேட்டர் எதுவாயிருந்தா என்ன" என்று நினைப்பதுதான் அதிகம் காணும் பிழை.

5. ஸ்டேட்டர்: அடித்தளம் சரியா

புல்லட்டின் ஆல்டர்னேட்டர் பிரைமரி செயின் கவருக்குள் எண்ணெயில் கிடக்கிறது. பல வருடம் எண்ணெயிலும் சூட்டிலும் ஊறிய வயரின் மேலுறை கெட்டியாகி, ரப்பர் குரோமெட் வழியாக வெளியே வரும் இடத்தில் விண்டு போயிருக்கும். உள்ளே வயர் தளர்ந்து செயினில் உரசிய தடமும் சில வண்டிகளில் தெரியும். எனவே கவரைத் திறந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ரோட்டருக்கும் (சுற்றும் காந்தப் பகுதி) ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். ஒரு பக்கம் உரசினால் ஸ்டட் வளைந்திருக்கிறது அல்லது கிராங்க் பேரிங் ஆடுகிறது. அதைச் சரிசெய்யாமல் மின் வேலைக்குப் போவது வீண்.

அடுத்து மீட்டர். ஸ்டேட்டர் வயர்களை மற்ற வயரிங்கிலிருந்து பிரித்துவிட்டு, ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கிறதா பாருங்கள். இருக்கக்கூடாது. இருந்தால் இரண்டு காரணம்: வைண்டிங்கின் ஒரு முனையை வேண்டுமென்றே பாடியில் எர்த் செய்திருக்கலாம், அல்லது காப்பு (இன்சுலேஷன்) கெட்டு பாடியில் அடிக்கிறது. எர்த் லக்கைப் பிரித்த பிறகும் தொடர்ச்சி காட்டினால் காப்பு போய்விட்டது. வைண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்த எர்த்தைப் பிரிப்பது ஏன் அவசியம்? பழைய அரை அலை முறையில் ஏசியின் (மாறுதிசை மின்சாரம்) ஒரு பாதி மட்டுமே பேட்டரிக்குப் போகிறது. முழு அலை ரெகுலேட்டர் இரண்டு பாதியையும் எடுப்பதால் குறைந்த வேகத்தில் கிடைக்கும் சார்ஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலை வண்டிக்கு இந்த வேலையிலேயே பெரிய லாபம் இதுதான். ஆனால் முழு அலைக்கு வைண்டிங்கின் இரண்டு முனையும் பாடியைத் தொடாமல் ரெகுலேட்டருக்கு வர வேண்டும். ஒரு முனை எர்த்திலேயே இருக்க முழு அலை ரெகுலேட்டரை மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி ரெகுலேட்டருக்குள் ஷார்ட் ஆகி வைண்டிங் கருகும்.

இப்போது லோடு சோதனை. சார்ஜ் ஆன ஆசிட் பேட்டரியில் எஞ்சினைக் கிளப்பி, பேட்டரிக்கான வைண்டிங்கின் இரண்டு முனையில் 35 வாட் ஃபிலமென்ட் ஒன்றை நேராக மாட்டுங்கள். மீட்டரை ஏசியில் வைத்து மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். 13 வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் பல்பு போய்விடும். நடுத்தர வேகத்துக்குள் 12 வோல்ட்டை எட்ட வேண்டும். 35 வாட் என்பது சுமார் 3 ஆம்பியர். பாயிண்ட் இக்னிஷன் சராசரியாக 2 ஆம்பியர் வாங்கும், எல்இடி டெயில் லைட் அரை ஆம்பியருக்குள். ஆக 3 ஆம்பியரைத் தாங்காத வைண்டிங்கால் பேட்டரிக்கு மிச்சம் எதுவும் வராது. வைண்டிங் நல்லது என்று தெரிந்தும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் ரோட்டரின் காந்தம் சோர்ந்திருக்கிறது. அப்போது ரோட்டரை மாற்ற வேண்டும்.

6. ஹெட்லைட் வைண்டிங்கையும் சேர்க்கலாமா

பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி ஏசி வைண்டிங் இருக்கும். வளைவில் வேகம் குறைந்ததும் வெளிச்சம் மங்குவது அதனால்தான். இரவில் மலை ஓட்டாதவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். வேலை குறையும், தவறும் குறையும்.

விடிவதற்கு முன் குமுளிக்கோ போடிமெட்டுக்கோ ஏறுபவர்களுக்கு இரண்டையும் சேர்ப்பது நல்லது. முதலில் ஹெட்லைட் வைண்டிங்கின் எர்த்தையும் பிரியுங்கள். இரண்டு வைண்டிங்கிலும் ஒவ்வொரு முனையை எடுத்து ஒன்றாக இணைத்து, மீதி இரு முனைக்கும் நடுவே ஐடிலில் ஏசி வோல்டேஜ் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன. மீதி இரண்டையும் இணைத்துவிடலாம். ஏறக்குறைய இரட்டிப்பாகக் காட்டினால் ஒன்றைத் திருப்பி இணைத்து மறுபடி பாருங்கள். திருப்பியும் சில வோல்ட் மிச்சம் நின்றால் சுற்றுகளின் எண்ணிக்கை வேறு. சேர்க்காதீர்கள், ஒன்று மற்றொன்றுக்குள் கரண்ட் தள்ளி இரண்டும் சூடாகும்.

சேர்த்த பிறகு ஹெட்லைட் பேட்டரியிலிருந்து, ரிலே வழியாக எடுக்க வேண்டும். பழைய ஏசி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பு போட்டால் ஒளி சிதறி, மூடுபனியில் கண்முன் வெள்ளைத் திரைதான் தெரியும். 35/35 ஹாலோஜன் பல்பு மலைப் பாதைக்கு இன்னும் நல்லது.

7. ரெகுலேட்டர்

தேவை: ஒற்றை ஃபேஸ், முழு அலை, 14.2 முதல் 14.4 வோல்ட்டில் நிறுத்துவது. பெட்டியில் "14.5, கூட்டல் கழித்தல் 0.5" என்று போட்டிருந்தால் அது 15 வரை போகலாம் என்று பொருள், ஆசிட் பேட்டரிக்குச் சரி, இதற்கு ஆகாது. "லித்தியத்துக்கு ஏற்றது" என்ற எழுத்தை நம்பாமல் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

ஷண்ட், சீரிஸ் என்று இரண்டு வகை. ஷண்ட் வகை, வோல்டேஜ் போதும் என்றானதும் வைண்டிங்கை ஷார்ட் செய்து மிச்சத்தைச் சூடாக்கிக் கழிக்கும். லித்தியம் வேகமாக நிரம்பிவிடுவதால் ஓட்டத்தின் பெரும்பகுதி நேரம் இந்த ஷார்ட் நிலையிலேயே போகும். ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் கொதிக்கும். சீரிஸ் வகை வழியைத் திறந்துவிடும், சூடு குறைவு. ஆனால் திறந்த நிலையில் வைண்டிங்கின் வோல்டேஜ் பல மடங்கு உயர்ந்து நிற்கும். காப்பு நலிந்த பழைய வைண்டிங்கில் அது பாடியில் அடித்துவிடும். எங்கள் பரிந்துரை: வைண்டிங் புதிது அல்லது ரீவைண்டிங் ஆனது என்றால் சீரிஸ், பழைய வைண்டிங்கையே ஓட்டுவதாக இருந்தால் ஷண்ட், நல்ல காற்று படும் இடத்தில்.

ரெகுலேட்டரை டூல் பாக்ஸுக்குள்ளோ பேட்டரிக்கு அருகிலோ வைக்காதீர்கள். ஃபிரேமின் முன்குழாயில் 3 மி.மீ. அலுமினியத் தகடு பிடித்து, தெர்மல் பேஸ்ட் தடவிப் பொருத்துங்கள். துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும். மழைத் தண்ணீர் வடியும், காற்றும் போகும்.

பேட்டரி வோல்டேஜை அறியத் தனி சென்ஸ் வயர் உள்ள ரெகுலேட்டரில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. அந்த வயரைச் சாவி ஸ்விட்சுக்குப் பின்னாலிருந்து எடுப்பார்கள். பழைய ஸ்விட்சின் தேய்ந்த கான்டாக்டில் முக்கால் வோல்ட் விழுந்தால், ரெகுலேட்டர் பேட்டரியில் 13.6தான் இருக்கிறது என்று நினைத்து மேலும் தள்ளும்; பேட்டரியில் 15 ஏறியிருக்கும். சென்ஸ் வயரைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்தே ரிலே வழியாகக் கொடுங்கள். சாவி ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

8. வயரிங், பிறகு ஆசிட் பேட்டரியில் சோதனை

ரெகுலேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு 2.5 சதுர மி.மீ. வயர் நேராக, நடுவே 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்; வயர் எங்கே உரசினாலும் பேட்டரியின் கரண்டை அதுதான் நிறுத்தும். வண்டியின் மற்ற வயரிங்கும் இதே ஃபியூஸின் ரெகுலேட்டர் பக்கத்திலிருந்தே போகட்டும். நெகட்டிவும் அப்படியே, ரெகுலேட்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி வயர். பெயின்ட் அடித்த ஃபிரேமை எர்த்தாக நம்பாதீர்கள். எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்னொரு வயர் கொடுங்கள். பாயிண்டின் எர்த் அது.

டூமில் இருக்கும் ஆம்மீட்டர் வழியாகச் சார்ஜ் கரண்டை ஓட விடாதீர்கள். காலியான ஆசிட் பேட்டரி கரண்டைச் சிறிது சிறிதாக வாங்கும். லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு, எனவே நிரம்பும்வரை ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் இழுக்கும். ஆம்மீட்டரின் தளர்ந்த நட்டு அந்தச் சூட்டில் கருகித் திறந்துகொண்டால் ஓடும் வண்டியில் பேட்டரி துண்டாகிவிடும். அதே இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள்.

கபாசிட்டரை ரெகுலேட்டரின் வெளிமுனையில், அதாவது ஃபியூஸுக்கு ரெகுலேட்டர் பக்கத்தில் மாட்டுங்கள். பிஎம்எஸ் மூடினாலோ ஃபியூஸ் போனாலோ துள்ளலை இது விழுங்கிக்கொள்ளும், எஞ்சினும் அந்த இடத்திலேயே நிற்காது. பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் வெடிக்கும்; இரண்டு முறை பார்த்து மாட்டுங்கள்.

லக்குகளைக் கிரிம்ப் செய்து பசை ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, புல்லட் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும்.

இனி நல்ல ஆசிட் பேட்டரியை மாட்டி 3ஆம் படியின் அளவுகள் அத்தனையும் மறுபடி. லைட் எல்லாம் அணைத்து எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் 14.6ஐத் தாண்டக்கூடாது. ஓட்ட வேகத்தில் லைட் போட்டு 13.6க்குக் குறையக்கூடாது. பாசிட்டிவ் வழியில் ரெகுலேட்டர் முனைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள், நெகட்டிவ் வழியில் 0.1க்குள் விழ வேண்டும். ஒரு வாரம் இதிலேயே வழக்கமான வேலைக்கு ஓட்டுங்கள். தவறு ஏதாவது இருந்தால் ஆசிட் பேட்டரி பொறுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இந்த ஒரு வாரத்தைத் தவிர்ப்பவர்களிடம்தான் பேட்டரி வீங்கிய புகார் வருகிறது.

9. லித்தியத்தைப் பொருத்துவது

பழைய பெட்டியில் ஆசிட் கசிந்த வெள்ளைப் பொடி இருக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, காய வைத்து, பெயின்ட் அடியுங்கள்.

வண்டியில் மாட்டுவதற்கு முன் எல்எஃப்பி சார்ஜரில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். 14.4 முதல் 14.6 வோல்ட், 2 ஆம்பியர், கரண்ட் 0.1க்கு இறங்கும்வரை. செல்கள் சமநிலைக்கு வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆசிட் பேட்டரி சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள், குறிப்பாகச் சல்ஃபேட் நீக்கும் வசதி உள்ளதை. அது துடிப்பாக அனுப்பும் வோல்டேஜ் பிஎம்எஸ்ஸைக் கொல்லும்.

பேக் பழைய பேட்டரியை விடச் சிறியது. சுற்றிலும் கெட்டி ஃபோம் வைத்து, ஆடாமல் பட்டையால் கட்டுங்கள். முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ், கழற்றும்போது தலைகீழ். பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் ஆசிட் பேட்டரியில் பொறி பறக்கும். இதில் ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும்.

10. மலையில் சோதனை

தட்டையான சாலையில் எல்லா வண்டியும் தேறிவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி, அல்லது போடியிலிருந்து போடிமெட்டு, லைட் போட்டு ஏறுங்கள். ஏற்றத்தில் வோல்ட்மீட்டர் 13.2க்குக் கீழே சிறிது இறங்கி ஏறினால் பரவாயில்லை. உச்சியில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளவெடுத்தால் கிளம்பும்போது இருந்ததைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் செலவு வரவை மிஞ்சுகிறது. டெயில், பிரேக், இண்டிகேட்டரை எல்இடிக்கு மாற்றுங்கள். இண்டிகேட்டரை மாற்றினால் பழைய சூட்டு ஃபிளாஷர் வேலை செய்யாது, எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட வேண்டும்.

இறக்கத்தில் வேறு சோதனை. எஞ்சின் பிரேக்கில் வேகமாகச் சுற்றும், பேட்டரியும் நிரம்பியிருக்கும், லோடும் குறைவு. 14.6ஐத் தாண்டுமானால் இங்கேதான் தாண்டும். கீழே வந்ததும் ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள்; விரலை வைக்கவே முடியாத சூடு என்றால் இடம் சரியில்லை. பேட்டரி வெதுவெதுப்பாகக்கூட இருக்கக்கூடாது.

11. மாற வேண்டிய பழக்கங்கள்

12.6 என்றால் ஃபுல் என்ற ஆசிட் கணக்கை மறந்துவிடுங்கள். எல்எஃப்பி ஓய்வில் 13.3 அல்லது 13.4 காட்டினால் நிறைவு. 13.2இல் சுமார் 70 சதவீதம், 13.0இல் சுமார் 30. 12.6 என்றால் அநேகமாகக் காலி.

சாவியைப் போட்டபடி விட்டுப் போவது பெரிய ஆபத்து. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் 3.5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் காலி. ஆசிட் பேட்டரியில் லைட் மங்கி எச்சரிக்கும். லித்தியம் கடைசிவரை பளிச்சென்று எரிந்து, திடீரென்று பிஎம்எஸ் மூடிவிடும். அப்போது முனையில் மீட்டர் 0 காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். எல்எஃப்பி சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். வழியில் நின்றால் ஜீப் பேட்டரியிலிருந்து ஜம்ப் எடுக்கலாம், ஆனால் ஜீப் எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபியூஸ் உள்ள வயரால். காலி லித்தியம் பெரிய பேட்டரியிலிருந்து ஒரே வீச்சில் இழுக்கும் கரண்டுக்கு அந்த ஃபியூஸ்தான் தடை.

12. மழையும் பனியும்

ஜூன் தொடங்கினால் கம்பத்தில் வெயிலும் குமுளியில் விடாத மழையுமாக இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் வண்டியில் கனெக்டருக்குள் ஈரம் வியர்த்துப் பச்சை பிடிக்கும். ஸ்டேட்டர் கனெக்டரில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். பருவம் முடிந்ததும் 8ஆம் படியின் வோல்டேஜ் வீழ்ச்சி அளவுகளை மட்டும் ஒருமுறை எடுத்தால் போதும்.

மழைக்காலம் முழுக்க வண்டி நிற்கப் போகிறது என்றால் 13.2 அளவில் பேட்டரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைப்பதும், விடாமல் சிறு கரண்ட் கொடுக்கும் டிரிக்கிள் சார்ஜரில் மாட்டி வைப்பதும் செல்லின் ஆயுளைக் குறைக்கும்.

ஜனவரியில் மூணாறைச் சுற்றிய எஸ்டேட்டுகளில் சில விடியலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், புல்லில் உறைபனி தெரியும். அந்தக் குளிரில் லித்தியம் கரண்டைக் கொடுக்கும், ஆனால் வாங்கக்கூடாது. சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து திரும்ப வராத சேதம் ஆகும். கிக் அடித்த அடுத்த நொடியே ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும் என்பதால், அங்கே இரவு தங்கினால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் விரைவில் கழற்றும் கனெக்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தால் இதற்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் கனெக்டரும் 30 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும்.